உள்ளே படிந்த பழுப்பு

என் மனைவி பாதி ஓட்டி விட்டுப்போன என்ஜின் ஐந்து மாதமாகப் பால்கனியில் இருந்தது. கனமான மரப்பலகை ஒன்றில் வைத்து நான்கு திருகாணிகளால் இறுக்கியிருந்தாள். மேலே ஒரு பழைய தலையணை உறை. அவள் போர்த்தியதுதான். மழை வந்தால் பலகையை உள்ளே தள்ளி வைப்பேன். உறையை எடுத்ததில்லை.

விமான என்ஜின் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். சின்ன மாதிரி விமானங்களுக்கென்று செய்தது. பொம்மை விமானம் என்று யாராவது சொன்னால் மாமனாரின் முகம் மாறிவிடும். அவர் பத்தொன்பது வயதில் வாங்கிய என்ஜின் அது. விமானத்தின் இறக்கையில் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் நிற்பாராம். விமானம் அவரைச் சுற்றும். அவரும் கூடவே சுற்றுவார். கல்யாணம் ஆனதும் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டார்.

"தலை சுத்த வைக்க வேற ஆள் வந்தாச்சே மாப்ள, அப்புறம் எதுக்கு விமானம்?" என்பார். அத்தையின் காதில் விழும் என்றால்தான் சொல்வார்.

"ஆமா, இவர் பறந்த பறப்பை நான்தான் காலைப் புடிச்சு இழுத்துட்டேன்" என்று அடுத்த அறையிலிருந்து பதில் வரும்.

பிஸ்கட் டப்பாவில் நாற்பது வருடம் கிடந்த அந்த என்ஜினை என் மனைவி கண்டெடுத்தபோது அது கல்லாக இறுகியிருந்தது. இந்த வகை என்ஜின்களுக்கு ஊற்றும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு விளக்கெண்ணெய். ஓட்டாமல் விட்டால் அது கோந்தாகும். கோந்து அரக்காகும். பிஸ்டன் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

"அப்பா மாதிரியே இருக்கு. என்ன சொன்னாலும் அசைய மாட்டேங்குது" என்றாள்.

அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் யார் யாருக்கோ பல் செதுக்குவாள். வீட்டுக்கு வந்தால் பழைய என்ஜின். பழைய இரும்புக் கடைகளில் குனிந்து குனிந்து தேடுவாள். இதற்கு முன் ஆறு என்ஜின்களை ஓட வைத்திருக்கிறாள். ஒன்றைக்கூட விமானத்தில் பூட்டிப் பறக்கவிட்டதில்லை. பால்கனியில் பலகையோடு ஓடினால் போதும் அவளுக்கு.

"பறக்கவிடாம என்ன பிரயோஜனம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குழந்தை சிரிச்சா பத்தாதா? உடனே டாக்டருக்குப் படிக்கணுமா?" என்றாள்.

என் வேலை தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில். கண்ணாடிக் குழாய்களை மூன்று முறை கழுவி, உலர்த்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி ஒரு முறை கழுவுவோம். கழுவாத குழாயில் வரும் முடிவு பொய் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. காபி குடித்த டம்ளரைக் காயவிட மாட்டேன். அவள் எனக்கு வைத்திருந்த பெயர் மிஸ்டர் சுத்தம்.

பால்கனியில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. எரிபொருள் கலப்பது ஒன்று. மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர், மூன்றும் சம அளவு. ஒரு சொட்டு பிசகாமல் அளப்பேன். இன்னொன்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. எத்தனை நிமிடம் ஓடியது என்று சொல்வேன், அவள் குறித்துக்கொள்வாள். ஸ்பேனரைத் தொட அனுமதி இல்லை.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நேரத்தைப் பாரு. மிச்சம் இருந்தா என்ஜின்ல ஊத்து" என்பாள்.

மாமனாரின் என்ஜினை அவள் பிரிக்கவே இல்லை. முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டிக் காட்டி, எண்ணெய் விட்டு, ஒரு மாதம் பொறுமையாக அசைத்துப் பார்த்தாள். ஒரு நாள் காலை பிஸ்டன் நகர்ந்தது. என்னைக் கூப்பிட்டு என் விரலை என்ஜினின் முனையில் சுழலும் விசிறியின் மேல் வைத்துத் தள்ளச் சொன்னாள். கொஞ்சம் போய், உள்ளே காற்று அழுந்தி, விசிறி என் விரலைத் திருப்பித் தள்ளியது. பந்தை அழுத்தினால் எம்புவது போல.

"இந்தத் துள்ளல் இருக்கு பார், இதுதான் உசுரு" என்றாள். "இந்த என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. உள்ளே காத்து அழுந்துற சூட்டுலேயே பத்திக்கும். துள்ளல் போச்சுன்னா அப்புறம் இது பேப்பர் பறக்காம வைக்கிற வெயிட்டுதான்."

பழைய என்ஜினை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்டக்கூடாதாம். சின்ன டேங்க் ஒன்று ஊற்றி ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஊற்றி, இப்படிப் பத்து டேங்க் ஓடிய பிறகுதான் அதை நம்பலாம். கீழ்வீட்டுக்காரரோடு எங்களுக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை மட்டும் சத்தம் போடலாம். அதனால் மூன்று ஞாயிறுகளில் ஐந்து டேங்க் ஓட்டியிருந்தாள். அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள். "பத்தாவது டேங்க் நீங்க வந்துதான் ஸ்டார்ட் பண்றீங்க. சாக்குப்போக்கு சொன்னீங்க, அம்மாகிட்ட போட்டுக்குடுத்துடுவேன்."

நான்காவது ஞாயிறுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். வியாழக்கிழமை அவள் இல்லை.

அவளுக்கு முப்பத்தொரு வயது. இதற்குமேல் இதைப்பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

போன திங்கட்கிழமை மாமனார் தொலைபேசியில் கூப்பிட்டார். ஐந்து மாதத்தில் அவர் கூப்பிட்டது மூன்றாவது முறை. மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டார். மூன்று முறையும் சாப்பிட்டேன் என்றேன். இந்த முறை மேலும் கொஞ்சம் பேசினார்.

"வீட்டைக் காலி பண்ணிட்டோம் மாப்ள. பெரியவன்கிட்டயே போயிடுறோம். அத்தையால அந்த வீட்டுல இருக்க முடியல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரயில்."

அவள் அண்ணன் இருக்கும் ஊர் ஒன்றரை நாள் பயணம். போனால் திரும்பிவர மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"போற வழியில உன்னைப் பார்த்துட்டுப் போறோம். நாலு மணி வாக்குல வருவோம்." பிறகு கேட்டார். "அந்த என்ஜின் ஓடுமா?"

"ஓடும் மாமா."

"பத்து டேங்க் ஓட்டணும்னு சொல்லிட்டிருந்தா. அதெல்லாம் வேணாம். ஒரு தடவை கேட்டாப் போதும். அவ ஓட்டினதை நான் ஒரு தடவைகூடக் கேட்கல."

மகள் போன பிறகு மருமகன் என்ன உறவு என்று எனக்குப் புரியாமல் இருந்தது. அவர் என்னிடம் ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். தலையணை உறையை எடுத்து மடித்து வைத்தேன். விசிறியில் விரல் வைத்தேன். அசையவில்லை. ஐந்து மாதத்தில் எண்ணெய் மறுபடி இறுகிவிட்டிருந்தது.

அவளுடைய நீல நோட்டு மேசை இழுப்பறையில் இருந்தது. எல்லாவற்றையும் அதில் எழுதுவாள். எரிபொருளை அளந்து விடும் ஊசியை எத்தனை சுற்று திறக்க வேண்டும், எந்தத் திருகாணி முரண்டு பிடிக்கும், எல்லாம். இழுப்பறையைத் திறந்து அட்டையைப் பார்த்தேன். மூடிவிட்டேன். அந்தக் கையெழுத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இவ்வளவு சின்ன இயந்திரம், ஆறு திருகாணி, நான் படித்தவன்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிரித்தேன். தலையைக் கழற்றி, பின்மூடியைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி ஊற்றி சிலிண்டரையும் பிஸ்டனையும் தனித்தனியாக எடுத்தேன். வெளியே அவ்வளவு பளபளப்பாக வைத்திருந்தவள் உள்ளே எப்படி விட்டிருக்கிறாள் என்று ஆச்சரியமாக இருந்தது. சிலிண்டரின் உட்சுவர் முழுக்கப் பழுப்பு. பிஸ்டனிலும் பழுப்பு. அடிப்பிடித்த பாத்திரம் போல. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் முடிக்காமல் விட்ட வேலை என்று தோன்றியது. நான் முடித்துத்தருகிறேன் என்று தோன்றியது.

கண்ணாடிக் குழாய்களில் ஏறிய கறையை எடுக்க எங்கள் கூடத்தில் ஒரு கரைசல் உண்டு. ஒரு பாட்டில் வீட்டில் இருந்தது. அலுமினியத்தை அது தின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் உருக்குச் சிலிண்டரையும் பிஸ்டனையும் மட்டும் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். கவனமாகத்தான் இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய தூரிகையால் தேய்த்தேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. கொட்டினேன். மறுபடி வைத்தேன். மூன்று முறை. கடைசியில் உலர்த்தி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெள்ளி போல இருந்தது. என் கண் எனக்கே தெரிந்தது.

அன்று ராத்திரி பசித்தது. முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பூட்டினேன். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. விசிறியில் விரல் வைத்துத் தள்ளினேன்.

போனது. அரைச் சுற்று, முழுச் சுற்று, அடுத்த சுற்று. எங்கும் நிற்கவில்லை. விரலைத் திருப்பித் தள்ளவில்லை. கடிகார முள்ளைத் திருப்புவது போல, எத்தனை முறை சுற்றினாலும் அப்படியே போனது. தவறாகப் பூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி பிரித்துப் பூட்டினேன். அதே கதை.

பலகையோடு தூக்கிக்கொண்டு சுருளிடம் போனேன்.

சுருள் லேத் பட்டறைக்காரன். என் வயதுதான். இரும்பு கடையும்போது உதிரும் சுருள் எப்போதும் அவன் தலைமுடியில் மாட்டியிருக்கும். அவளுக்கு வேண்டிய திருகாணி, வளையம் எல்லாம் அவன்தான் கடைந்து கொடுத்தான். அவளை 'பல் டாக்டர்' என்பான். இல்லை, வெறும் பல் செய்கிறவள்தான் என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

என்னைப் பார்த்ததும் லேத்தை நிறுத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்ன சார், இளைச்சிட்டீங்க" என்றான்.

"இதைப் பாரு."

விசிறியை ஒரு சுற்றுதான் சுற்றினான். என் முகத்தைப் பார்த்தான். கழற்றி, சிலிண்டரை விளக்குக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தான்.

"யார் சார் இதைக் கழுவினது?"

நான் சிலிண்டரைப் பார்த்தேன்.

"ஐயோ" என்றான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "சார், இது அழுக்கு இல்ல சார்."

"பின்ன?"

"இந்த என்ஜின்ல பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. பிஸ்டனும் சிலிண்டரும் ஒண்ணோட ஒண்ணு உரசி உரசி ஜோடி சேர்ந்தது. இது உங்க மாமனார் ஓட்டின ஓட்டத்துலேயே தேஞ்சு போயிருக்கு. நடுவுல சந்து விழுந்திருக்கு. அந்தச் சந்தை அடைச்சிருந்ததே அந்தப் பழுப்புதான். விளக்கெண்ணெய் வெந்து வெந்து படிஞ்சது. பல் டாக்டர் என்கிட்ட சொன்னாங்க. உள்ளே நான் கையே வைக்கல சுருளு, அதுவே அதுக்குப் பல் கட்டிக்கிச்சுன்னாங்க."

லேத் நின்றுபோன பட்டறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"திரும்ப வராதா?"

"நாப்பது வருஷம் காத்திருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க சார். வாய் ஓட்டை."

"புது பிஸ்டன்?"

"கடைஞ்சு குடுக்கலாம். மூணு வாரம் ஆகும். ஓடும். ஜம்முனு ஓடும். ஆனா அது வேற என்ஜின் சார். அவங்க ஓட்டினது இல்ல. சத்தமே வேறயா இருக்கும்."

"நாளைக்கு நாலு மணிக்கு மாமா வர்றார். சாயங்காலம் ரயில் ஏறுறாங்க."

சுருள் தலைமுடிக்குள் விரல் விட்டு யோசித்தான். என்ஜினை மறுபடி பூட்டிவிட்டு அலமாரியிலிருந்து ஊசிமூக்கு எண்ணெய்க் குப்பியை எடுத்தான். புகை வெளியேறும் துளை வழியாக நான்கு சொட்டு விளக்கெண்ணெய் விட்டான். விசிறியைத் தள்ளினான். என் விரலை வைக்கச் சொன்னான்.

துள்ளியது. லேசாகத்தான். ஆனால் துள்ளியது.

"கெட்டியான எண்ணெய் சந்தை அடைச்சு நிக்குது. இப்ப ஓட்டினா பத்திக்கும். சூடு ஏறினதும் எண்ணெய் இளகிடும். செத்துடும். பத்து செகண்ட் ஓடும். ரொம்ப ஊத்தினீங்கன்னா பிஸ்டன் எண்ணெயில முட்டி நின்னுடும், அஞ்சு சொட்டுக்கு மேல போகாதீங்க."

"பத்து செகண்டா?"

"பெரியவர் ஒரு தடவை கேட்கணும்னுதானே சொன்னார்? கேட்கட்டும். நின்னதும், ஊசி அடைச்சுக்கிச்சு, ரயிலுக்கு நேரமாச்சுன்னு சொல்லி அனுப்பிடுங்க. அந்த வயசுல அவருக்கு எதுக்கு சார் இது?"

நான் பலகையைத் தூக்கிக்கொண்டேன். வாசல்வரை வந்தான்.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வேற யாராவது இதைக் கழுவியிருந்தா வாயில வந்தபடி திட்டியிருப்பேன்."

"திட்டு."

"வரல சார்" என்றான்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். இனி பயப்பட ஒன்றும் இல்லை. அப்பாவின் என்ஜினுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் சிலிண்டரின் படம் வரைந்து, உட்சுவரைப் பென்சிலால் நிழலிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள். 'பழுப்பு இருக்கட்டும். இதனால்தான் ஓடுகிறது. பிரிக்க வேண்டாம். இறுகினால் சூடு மட்டும்.' அதன் கீழே, 'மி.சு. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதி, ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாள்.

ஐந்தாவது டேங்க் வரை கோடு போட்டு நேரம் எழுதியிருந்தது. எல்லாம் நான் சொல்லி அவள் எழுதிய நேரங்கள். ஆறிலிருந்து பத்து வரை எண்கள் மட்டும்.

மறுநாள் சரியாக நான்கு மணிக்கு வாடகைக் காரில் வந்தார்கள். காரை நிற்கச் சொல்லிவிட்டு ஏறி வந்தார்கள். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். மாமனார் மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். அத்தை என்னை ஒருமுறை பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். என் பக்கத்தில் இருக்கும் காலி இடம்தான் அவர் கண்ணில் படுகிறது.

"அடுப்படி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சுத்தமாத்தான் இருக்கு அத்தை."

"சாமானே இல்லைன்னா சுத்தமாத்தான் இருக்கும்" என்றபடி உள்ளே போய்விட்டார். கொண்டுவந்த பையைப் பிரித்து டப்பாக்களை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு குழாயைத் திறந்துவிட்டு ஏற்கனவே கழுவிய பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.

மாமனார் பால்கனியில் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார். வேறு இருக்கை அங்கே கிடையாது. என்ஜினைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு பளபளப்பா நான் வாங்கின அன்னிக்குக்கூட இல்ல."

அவர் வருவதற்கு முன்பே எண்ணெய்ச் சொட்டுகளை விட்டுவைத்திருந்தேன். டேங்கில் எரிபொருள் ஊற்றினேன். ஈதர் வாசனை எழுந்தது. மருத்துவமனை வாசனை. அவர் மூக்கைச் சுருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இழுத்தார்.

"நீயே தட்டு மாப்ள. முதல்ல நீ."

நான் வாழ்க்கையில் விசிறியைத் தட்டியதில்லை. தட்டினேன். அது வெடுக்கென்று திரும்பி என் விரல்கணுவில் அடித்தது. தோல் கிழிந்தது.

"விரலை எடுக்கத் தெரியணும். அடிச்சதும் ஓடிடணும், கடன்காரனைப் பார்த்த மாதிரி." எழுந்து என்னை நகர்த்தினார். "தள்ளு."

அவர் கை நடுங்கும். சட்டைப் பொத்தானை அத்தைதான் போட்டுவிடுவார். ஆனால் அந்த விரல் விசிறியில் பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு தட்டு. இரண்டு. மேலே இருக்கும் அழுத்தம் கூட்டும் திருகை அரைக்கால் சுற்று இறுக்கினார். மூன்றாவது தட்டில் பற்றிக்கொண்டது.

இந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? உள்ளங்கை அளவு இரும்புக்குப் பொருந்தாத சத்தம். கண்ணாடி ஜன்னல் அதிரும். பேச்சு கேட்காது. நெஞ்சுக்கூட்டில் உணரலாம். ஐந்து மாதமாக இந்த வீட்டில் இல்லாத சத்தம். நான் என்னை அறியாமல் கையைத் தூக்கி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு. எட்டு.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. என்ஜினுக்கு மேலே கேட்கும்படி, தொண்டையைத் திறந்து, எரிச்சலோடு.

"போதும்டி! நிறுத்து! காது போகுது!"

பத்து. பதினொன்று.

ஓசை சரிந்து, இருமி, நின்றது.

அடுப்படியில் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மாமனார் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. நீலப் புகை பால்கனிக் கம்பிகளுக்கு இடையே போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவர் கேட்டார். "ஏன் நின்னுச்சு?"

சுருள் சொல்லிக்கொடுத்த வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. முந்தின ராத்திரி முழுவதும் சொல்லிப் பார்த்தது. ஊசி அடைத்துக்கொண்டது.

"நான் கழுவிட்டேன் மாமா."

"என்னது?"

"உள்ளே பழுப்பா இருந்துச்சு. அழுக்குன்னு நினைச்சு எடுத்துட்டேன். அதுதான் அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருந்தது. அவ எழுதி வெச்சிருந்தா. நான் படிக்கல. இப்ப எண்ணெய் விட்டாத்தான் ஓடும். பத்து செகண்ட். இனிமே அவ்வளவுதான்."

அவர் விசிறியில் ஒரு விரலை வைத்தார். மெதுவாகச் சுற்றினார். அது எங்கும் நிற்காமல் சுற்றியது. இன்னொரு முறை சுற்றினார். இருபது வயதில் ஆயிரம் முறை தட்டிய விரல். அதற்கு நான் சொல்லியிருக்கவே வேண்டாம்.

"எல்லாத்தையுமா எடுத்த?"

"எல்லாத்தையும்."

"கொஞ்சம்கூட விடல?"

"இல்ல மாமா. நல்லாக் கழுவினேன்."

அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்தின் பின்புறம் மட்டும் தெரிந்தது. முடி வெட்டி அதிக நாள் ஆகியிருந்தது. என்னை அடித்திருந்தால் நின்றிருப்பேன். கீழே வாடகைக் காரின் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழுப்புல என்னோடது பாதி" என்றார் தெருவைப் பார்த்தபடி. "மீதி அவளோடது."

"ஆமா மாமா."

"தெரிஞ்சா செஞ்ச?" தானே பதில் சொல்லிக்கொண்டார். "தெரியாமத்தான் செஞ்ச."

மன்னித்தாரா இல்லையா என்று அந்தக் குரலில் இருந்து எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அத்தை பால்கனிக் கதவருகே வந்து நின்றார். கையில் ஈரம். முழங்கை வரை நுரை. தான் கத்தியது அவருக்கு எப்போது உறைத்தது என்று தெரியவில்லை. முகத்தில் அழுகை இல்லை. யாரோ அறைந்தது போல் இருந்தது.

"ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

"தானா நின்னுடுச்சு" என்றார் மாமனார்.

"மறுபடி போடுங்க."

"அது இனி ஓடாதுமா. பத்து செகண்ட்தான் வருமாம்."

"பத்து செகண்ட் போடுங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். நான்கு சொட்டு. அவர் தட்டினார். ஆறு தட்டுக்குப் பிறகு பற்றியது. அத்தை கதவில் சாய்ந்து நின்று அதையே பார்த்தார். என்ஜின் சூடாக இருந்ததால் ஐந்து வினாடியில் சரிந்துவிட்டது. அத்தையின் உதடுகள் ஒட்டியே இருந்தன.

"இன்னும் ஒரு தடவை."

மூன்று வினாடி.

"சூடா இருக்கு அத்தை. ஆறவிட்டாத்தான் நல்லா ஓடும்."

"எவ்வளவு நேரம் ஆறணும்?"

"இருபது நிமிஷமாவது ஆகும்."

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு ஐம்பது. "ரயிலு..." என்று தொடங்கினார்.

"ரயிலு எங்கயும் போயிடாது" என்றார் அத்தை. அது உண்மை இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அவர் என்ஜினை இன்னொரு முறை பார்த்தார். இவ்வளவு சின்னதா என்பது போல. இத்தனை நாளும் அதை அவர் கிட்டே வந்து பார்த்ததில்லை. மகள் வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலேயே இருந்துவிடுவார். இதே போன்ற சத்தங்கள் எல்லாம் அவருக்கு அங்கிருந்து கேட்டவைதான்.

"நான் உள்ளே இருக்கேன்" என்றார். "இங்க நின்னா எனக்கு நீங்க ரெண்டு பேரும் தெரியறீங்க."

போனார். குழாய் மறுபடி திறந்தது. ஒரு பாத்திரம் இன்னொன்றின் மேல் பட்டது.

மாமனார் ஸ்டூலில் நகர்ந்து உட்கார்ந்து பாதி இடத்தை விட்டார். அது ஒருவர் உட்காரும் ஸ்டூல். நான் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் தோள் என் தோளில் இடித்தது. அவர் தன் கைக்குட்டையை எடுத்து என் கிழிந்த விரல்கணுவைச் சுற்றிக் கட்டினார். முடிச்சு விழவில்லை. கை மறுபடி நடுங்கத் தொடங்கியிருந்தது. நானே கட்டிக்கொண்டேன்.

"எத்தனை சொட்டு விட்ட?"

"நாலு."

"அடுத்த தடவை அஞ்சு விடு."

"சரி மாமா."

ஐந்து மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஒப்பந்த நேரம் முடிந்துவிட்டது. அவர் மேலே வந்து எதுவும் சொல்லவில்லை. காரின் ஒலிப்பான் ஒரு முறை அடித்தது. மாமனார் எழுந்திருக்கவில்லை. நான் கையை நீட்டி என்ஜின் தலையில் வைத்துப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது.